முதல் வரியில் கேஸ் மாத்திரை

இரண்டு மாதத்துக்கு முன்பு அன்வர் பாயின் விரலில் தையல் மெஷின் ஊசி இறங்கிவிட்டது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபது வருஷமாகத் தைக்கிறவர், என் பழைய தோஸ்த். விரல் சீழ் பிடித்துவிட, வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். துணைக்கு நான்.

காலையில் பயிற்சி டாக்டர் வந்தார். சின்னப் பெண், தூங்காத கண்கள். சார்ட்டில் முதல் வரியாக என்ன எழுதினார் தெரியுமா? விரலுக்கு மருந்தா? அவசரப்படாதீர்கள்... கேஸ் மாத்திரை! வயிற்றில் சுரக்கும் அமிலத்தைக் குறைக்குமே, அது.

பக்கத்து பெட்டில் கால் உடைந்தவர் – அவருக்கும் அதே. அடுத்தவருக்கு முதுகில் கட்டி – அவருக்கும். கல்யாணப் பந்தியில் உப்பு வைப்பது மாதிரி, இலை போட்டவர்களுக்கெல்லாம் உண்டு. துணைக்கு உட்கார்ந்திருந்த என்னை விட்டுவிட்டதில்தான் கொஞ்சம் வருத்தம்.

"எதுக்கும்மா இது?" என்றேன்.

"ஒரு சேஃப்டிக்குதான் சார்."

"எத்தனை நாளைக்கு?"

யோசித்தார். "வீட்டுக்குப் போயும் கன்டின்யூ பண்ணட்டும்."

"எது வரைக்கும்?"

இந்தக் கேள்வி சிலபஸில் இல்லை போலிருக்கிறது. "சீனியர்ஸ் இப்படித்தான் எழுதுவாங்க சார்..."

சீனியருக்கு யார் சொன்னது? அவருடைய சீனியராக இருக்கும்.

அப்போதுதான் பாய் வாயைத் திறந்தார். "அத்த நாலு வருஷமா சாப்ட்டுனுதாம்மா இருக்கேன்."

எனக்கே புதுச் செய்தி. ஹெர்னியா ஆபரேஷனின்போது ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்ததாம். வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்கள் இதைச் சொல்லவில்லை. பாயோ டாக்டர் பேச்சைத் தட்டாதவர். பழைய சீட்டை நீட்டினால் மெடிக்கல் ஷாப்பில் கேள்வியே கிடையாது.

ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் காதில் இது விழுந்தது. "அது இருக்கட்டும், ஊசி எப்படி இறங்குச்சு?" என்றார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

பாய் தயங்கினார். "பெடல் மேல கால் இருக்கா இல்லியான்னே தெரியல டாக்டர். ஆறு மாசமா பாதம் மரத்துப் போவுது. சொன்னா மெஷின்லேர்ந்து தூக்கிடுவாங்க. பொண்ணு இப்பதான் காலேஜ்ல சேர்ந்திருக்கா..."

ரத்தத்தைச் சோதித்தார்கள். பி-12 ரொம்பக் கம்மி; அந்த வைட்டமின் குறைந்தால் கால் மரத்துப் போகுமாம். வருஷக்கணக்கில் அமிலத்தை அடக்கினால் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராமல் போகலாமாம்.

"வயித்துல புண் வந்தவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க – அவங்கள்ல பல பேருக்கு இது வேணும். இவருக்கு எதுக்கு?" என்றார் பெரிய டாக்டர். பயிற்சி டாக்டரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. எழுதச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் நிறுத்தச் சொல்லிக்கொடுக்கவில்லையே!

பி-12 ஊசி ஆரம்பித்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று கம்ப்யூட்டர் அச்சடித்த சீட்டு வந்தது. முதல் வரி? அதேதான்! அந்தப் பயிற்சி டாக்டரே ஓடிவந்து பேனாவால் அடித்துவிட்டுப் போனார்.

கம்பெனியில் பாயை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். காலில் உணர்ச்சி வந்தால்தான் மறுபடி மெஷின். வருமா? எனக்கும் உள்ளூர பயம்தான்.

நேற்று போன் வந்தது. "தோஸ்த், கால் கட்டை விரல்ல கொசு கடிச்சுது... சுருக்குனு தெரிஞ்சுது!"

ஒரு கொசு கடித்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. ஆனாலும் எச்சரித்து வைத்தேன்.

"கொசுக்கடின்னு எந்த ஆஸ்பத்திரிக்கும் போயிடாதீங்க பாய்... முதல் வரியில கேஸ் மாத்திரை எழுதிடுவாங்க!"