பசு பூஜ்யம் கறக்காது

என் வாய் வரை வந்த மாத்தேக் குடுவையை, அந்தக் கசப்பு இலைத் தேநீரையும் உறிஞ்சுகுழலையும் சேர்த்து, ரொமினா சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். “மொதல்ல பதில் சொல்லு. அப்புறம் உறிஞ்சு.” இன்னொரு கையால் திரையில் இருக்கும் நிரலை மறைத்திருக்கிறாள். தெரிவதெல்லாம் அவள் எழுதிய சில வரிகள்தான். அதை மட்டும் வைத்துக்கொண்டு பால் வண்டியை எந்தப் பண்ணைக்கு அனுப்புவேன் என்று நான் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாமல் விழித்தால் என்னைத் திட்ட மாட்டாள். வரிகளை அழித்துவிட்டு மறுபடி எழுதுவாள். அதுவரை எனக்குக் குடிக்க ஒன்றும் கிடையாது.

ரொமினா எத்செவெரிக்கு எங்கள் பால் கூட்டுறவு அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை. எந்த வண்டி எங்கே போக வேண்டும் என்பதை இப்போது ஒரு ஏஐ ஏஜென்ட்தான் முடிவு செய்கிறது. தொட்டியில் பால் எவ்வளவு என்று பார்க்க ஒரு மென்பொருள் கருவி, வண்டியை அனுப்ப ஒன்று, பண்ணைக்காரரைப் போனில் கூப்பிட ஒன்று என்று அதன் கையில் கொடுத்திருக்கிறோம். எந்தக் கருவி எதற்கு என்று அதற்குத் தெரிவது ரொமினா எழுதும் விளக்கத்தை வைத்துத்தான். “நமக்குப் புரியலேன்னா பக்கத்து சீட்ல கேப்போம். அதுக்கு ஏது பக்கத்து சீட்டு?” என்பாள்.

வெந்நீர் ஃபிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்காமல் அவளை நான் பார்த்ததில்லை. மாத்தே கொஞ்சம் ஆறினாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொட்டிவிடுவாள். ஆறினதைக் குடிப்பவர்களை அவள் மனிதராகவே மதிப்பதில்லை. அதே முகச்சுளிப்பு மொட்டையான விளக்கங்களுக்கும் உண்டு. ஒரு கருவி, பண்ணை எண் தப்பாக இருந்தால் வெறுமனே ‘தோல்வி’ என்று பதில் தரும். “தோல்வின்னா? அது என்ன பண்ணணும், உக்காந்து அழுவணுமா?” என்று சத்தம் போட்டு, ‘இந்த எண்ணில் பண்ணை இல்லை. பண்ணைக்காரர் பெயரைத் தேடிச் சரியான எண்ணை எடு’ என்று மாற்ற வைத்தாள்.

எங்கள் மேலாளர் நெல்சனுக்குச் சுருக்கப் பைத்தியம். கருவிக்கு ஒரு வரி போதும் என்பார். “அம்மா தாயே, கதையா எழுதற?” என்று அவளைக் கிண்டல் செய்வார். ‘தொட்டியில் உள்ள பாலின் அளவைத் தரும்’ என்பது அவர் எழுதிய வரி. அழகான வரிதான். போன மாதம், கார்தால் ஊர்ப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் எல்பா அம்மாவின் தொட்டியில் அளவுமானி செத்துப்போனது. கருவி பூஜ்யம் என்றது. பால் இல்லை போலிருக்கிறது என்று ஏஜென்ட் அந்தப் பண்ணையை விட்டுவிட்டு வண்டியை வேறு பக்கம் திருப்பிவிட்டது. பால் திரிந்து, அத்தனையையும் வாய்க்காலில் கொட்டினார்கள்.

எல்பா அம்மா போனில் பிடித்தது ரொமினாவைத்தான். “ஏண்டி, எந்த ஊர்ல பசு பூஜ்யம் கறக்குது? இன்னொரு தடவ கொட்ட வச்சீங்கன்னா மாட்டையெல்லாம் வித்துப்புட்டு மொந்தேவிதேயோ பட்டணத்துல மக வீட்டுக்குப் போயிருவேன்.” வெறும் மிரட்டல் இல்லை. மாடு வாங்குகிறவர் ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

எல்பா அம்மாவின் மானியை அப்போதைக்கு ஒட்டுப்போட்டுச் சரிசெய்தார்கள்; எல்லா மானிகளையும் மாற்றுவது அடுத்த ஆண்டுத் திட்டம். வரிகளை மாற்றுவது அன்று மாலைக்குள் முடிந்தது. ‘பூஜ்யம் என்று வந்தால் தொட்டி காலி என்று முடிவு செய்யாதே. மானி பழுதானாலும் மின்சாரம் போனாலும் இதே பூஜ்யம்தான் வரும். கடைசி வண்டிக்குப் பிறகு கறவை நடந்திருந்தால் பண்ணைக்காரரைப் போனில் கேள். கேட்காமல் எந்தப் பண்ணையையும் விட்டுவிடாதே.’

“இவ்ளோ நீளமா?” என்றார் நெல்சன்.

“பால் ஓடுன வாய்க்கால் இதவிட நீளம், நெல்சன்.”

அவர் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார்.

நேற்று முன்தினம் ராத்திரி புயல் அடித்து, கார்தால் பக்கம் மின்சாரம் போய்விட்டது. மறுநாள் காலையில் நாங்கள் வரும்போது ஏஜென்ட் வண்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தது. அது செய்வதெல்லாம் திரையில் வரிவரியாக விழும். ரொமினா மாத்தேக் குடுவையில் வெந்நீரை ஊற்றினாள். ஊற்றியது அப்படியே மேசையில் இருந்தது. நெல்சன் வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ‘எல்பா பண்ணை: பூஜ்யம்’ என்று ஒரு வரி வந்தது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. ரொமினா நகத்தைக் கடித்தபடி திரையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

‘நேற்று மாலை கறவை நடந்திருக்கிறது. பண்ணைக்காரரை அழைக்கிறேன்.’

கொஞ்ச நேரம் கழித்து: ‘தொட்டி நிறைந்திருக்கிறது. குளிரூட்டியை மட்டும் ஜெனரேட்டரில் ஓட்டுகிறார். வண்டி அனுப்பப்பட்டது.’

அப்பாடா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்பா அம்மாவே கூப்பிட்டார். “ஏண்டி, கறந்துக்கிட்டு இருக்கறப்ப உங்க மிஷினு போன் போட்டுப் பால் இருக்காம்மான்னு கேக்குது! பரவால்ல, நல்லாத்தான் வளத்திருக்கீங்க. வண்டி வாசல்ல நிக்குது. மாடு பாக்க வர்றவன வர வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

நெல்சன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இன்னும் ரெண்டு வரி வேணும்னாலும் எழுதிக்கோ.”

ரொமினா, மேசையில் ஆறிப்போயிருந்த மாத்தேயை எடுத்து, அடியில் கர்ரென்று சத்தம் வரும்வரை உறிஞ்சிக் குடித்தாள்.