எடை ஏறிய சந்தோஷம்

அந்த வார்டில் அவளுக்கு ஒலிபெருக்கி என்று பெயர். நர்ஸ் வேலைக்கு வந்ததிலிருந்து தலை நரைக்கத் தொடங்கிய இன்றுவரை, வீட்டுக்குக் கிளம்பும் நோயாளிகளுக்கு மருந்து மாத்திரை, சாப்பாடு எல்லாம் விளக்கிச் சொல்லி அனுப்புவது அவள்தான். முதல் கட்டிலில் அவள் சொல்வது கடைசிக் கட்டில்காரருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். "உப்பு எடுத்துட்டு வான்னு சொல்லிட்டு, 'புரிஞ்சுதா?'ன்னு கேக்குற ஒரே பொண்டாட்டி நீதான்" என்பான் புருஷன். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். வயதான இதயம், உடம்பெல்லாம் நீர் கோத்திருந்தது. படுத்தால் மூச்சு விட முடியாது. மருந்தில் நீர் வடிந்து, ஆள் பாதியாகி வீடு திரும்பிய அன்று, அவர் மனைவியிடம் இவள் தொண்டை கிழியச் சொன்னாள்.

"தினமும் காலைல எடை பாருங்கம்மா. ஏறினா வந்து என்கிட்ட சொல்லணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா" என்று அந்த அம்மாள் பலமாகத் தலையாட்டினார்.

சொன்ன சொல் தவறவில்லை. சில வாரம் கழித்து ஒரு காலை, முகமெல்லாம் பல்லாக வார்டுக்குள் வந்தார்.

"சிஸ்டர்! எடை ஏறிருச்சு! போன வாரமே ஏற ஆரம்பிச்சுது. கொஞ்சத்துக்கு உங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும், நல்லாத் தேறட்டும்னு இருந்தேன். ஆள் இப்போ பூசினாப்ல ஆயிட்டாரு. காலெல்லாம் சதை போட்டு, செருப்பே நுழைய மாட்டேங்குது!"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒலிபெருக்கி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ராத்திரி படுத்துத் தூங்குறாராம்மா?"

"எங்க? நாற்காலியிலயே சாஞ்சு தூங்குறாரு. டிவி பைத்தியம்."

அவள் அனுப்பிய ஆம்புலன்ஸ் அவரைக் கொண்டுவந்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. பேச்சு இல்லை. ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, டாக்டரும் அவளும் மல்லுக்கட்டினார்கள். மயிரிழையில் பிழைத்தார்.

வெளியே பெஞ்சில் அந்த அம்மாள் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். "நல்ல சேதி சொல்லத்தானேம்மா வந்தேன்? ஏறினா ஆபத்துன்னு நீங்க சொல்லலையே?"

உண்மைதான். எடை ஏறினால் உடம்பில் நீர் திரும்பச் சேர்கிறது என்பது அவளுக்குத் தன் பெயர் மாதிரி தெரிந்த விஷயம். தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டதாகவே இத்தனை காலம் நினைத்திருந்தாள். நோயில் எலும்பும் தோலுமாய்ப் போன மனுஷனுக்கு எடை ஏறினால் எந்தப் பொண்டாட்டி பயப்படுவாள்? இதுவரை தலையாட்டிப் போனவர்களெல்லாம் என்ன ஆனார்களோ!

அப்போதுதான் நினைவு வந்தது. அதே நோயுள்ள இன்னொரு பெரியவர் இன்று வீட்டுக்குப் போகிறார். அவர் மகனுக்குக் காலையிலேயே எல்லாம் சொல்லியாயிற்று. ஓடினாள். வாசலில், அப்பாவைக் காரில் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான் அவன்.

"தம்பி, நில்லுங்க! வீட்டுல அப்பாவுக்கு எடை ஏறினா என்ன பண்ணுவீங்க?"

அவன் சிரித்தான்.

"இதென்ன கேள்வி சிஸ்டர்? சந்தோஷப்படுவோம்."