பதில் சொன்ன இன்னொரு சர்வர்

பேய் இருட்டினால்தான் வரும் என்று சொன்னவன் யார்? அவனை என் முன்னால் நிறுத்துங்கள். அல்மாட்டி நகரில், நவுரிஸ் பண்டிகை அன்று, பட்டப்பகல் 2.10க்கு எனக்கு நடந்தது இது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

ஊரே புத்தாண்டுக் கூழ் குடித்துக்கொண்டிருந்தது. நான் மட்டும் ஆம்புலன்ஸ் அழைப்பு நிலையத்தின் சர்வர் அறையில். அழைப்பு எடுக்கும் ஆறு இயந்திரங்களும் முந்தின நாளே படுத்துவிட்டன. யாருக்கு நெஞ்சுவலி, எந்தத் தெரு என்று மாடியில் பெண்கள் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு சீட்டு தொலைந்தால் ஓர் உயிர். மாலை ஆறு மணிக்குள் அவற்றில் யூனிக்ஸ் இயங்குதளத்தை ஏற்றாவிட்டால் வேலைக்கு வராதே என்று மேலாளர் கைசார் மிரட்டியிருந்தான். முடிக்காமல் இந்த அறையை விட்டு நகர்வதில்லை என்று நானும் வீம்பு பிடித்தேன்.

அந்த இயந்திரங்களில் சிடி போட இடமில்லை. சுவிட்சைப் போட்டதும் நெட்வொர்க்கில் 'நான் யார்?' என்று கேட்கும். என் சர்வர் அதற்குப் பெயரைச் சொல்லி, யூனிக்ஸையும் அனுப்பும்.

2.10. முதல் இயந்திரம் கேட்டது. பதில் வந்தது. ஆனால் நான் வைத்த பெயர் இல்லை. திரையில் 'மாதி' என்று வந்து, அப்படியே நின்றுவிட்டது.

என் பட்டியலில் அந்தப் பெயரே கிடையாது. எவனோ இன்னொரு சர்வரைச் சொருகி வைத்திருக்கிறான். அது என்னுடையதை முந்திக்கொள்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைசாருக்குப் போன் போட்டேன்.

"இன்னொரு சர்வர் வச்சது யாரு சார்?"

"ஒண்ணுதான் இருக்கு ராவ்ஷன். தெரியலன்னா சொல்லு, தெரிஞ்சவனக் கூப்பிடுறேன்."

"அப்ப மாதின்னு ஒரு பேரு..."

வைத்துவிட்டான்.

2.40. கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கடைசியில் இணைப்பில் மிஞ்சியவை இரண்டே இரண்டு. என் சர்வர், அந்த இயந்திரம். மறுபடி போட்டேன்.

மாதி.

3.05. என் சர்வரையே அணைத்தேன். இனிப் பதில் சொல்ல யாருமே இல்லை...

மாதி.

பதில் அனுப்பிய நெட்வொர்க் கார்டின் எண்ணும் திரையில் இருந்தது; ஒரு கார்டின் எண் இன்னொன்றுக்கு வராது. குறித்துக்கொண்டேன். பயத்தை விடக் கோபம்தான் அதிகம். நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு வெளியே வந்தேன். கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

வாசலில் காவலர் ஜெய்னொல்லா தாத்தா.

"யாரு தாத்தா அந்த மாதி?"

அவர் முகம் வெளுத்தது. "அந்தப் பேர ஒனக்கு யாரு சொன்னா?"

அப்போது... உஸ்ஸ்ஸ்...

3.12.

சர்வர் அறையின் கதவிடுக்கில் வெள்ளைப் புகை. தீயணைக்கும் கேஸ். எங்கும் தீ இல்லை. உள்ளே இருந்திருந்தால் நாலு மூச்சு, அவ்வளவுதான். கேஸ் இறங்குமுன் அரை நிமிடம் சைரன் அலற வேண்டும்.

அலறவில்லை.

"போன வருஷமும் அலறல," என்றார் தாத்தா. "சும்மா சும்மா கத்துதுன்னு கைசார்தான் வயர வெட்டினான். உள்ள மாதி இதே வேலைதான் செஞ்சிட்டு இருந்தான். மாரடைப்புன்னு எழுதிட்டாங்க."

வெட்டிய வயரைப் படம் எடுத்து போலீசில் கொடுத்தேன். அறையைக் காற்றாட விட்டபின், 5.50க்கு ஆறு இயந்திரங்களும் ஏறிவிட்டன. ஒரு பெயர்கூட மாறவில்லை.

வெள்ளிக்கிழமை மாதியின் அம்மாவைப் பார்க்கப் போனேன். அங்குள்ள வழக்கப்படி, செத்த மகனுக்காக ஏழு ரொட்டி பொரித்துக்கொண்டிருந்தாள். மூலையில் அவனுடைய பழைய சர்வர், வயர் எதுவும் இல்லாமல். பின்புறம் ஒட்டியிருந்த கார்டு எண்ணைப் பார்த்தேன். நான் குறித்த அதே எண்.

"அவன் போனப்புறம் இதுக்குக் கரண்டே குடுக்கல," என்றாள். "ஆனா பண்டிகை அன்னைக்கு மத்தியானம் தூசி தட்டப் போனேன். எண்ணெச் சட்டி மாதிரி கொதிச்சுது."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கொப்புளம் இன்னும் ஆறவில்லை.