ஊரின் நட்டநடுவில் ஒரு கூரை

தர்ஷனாவுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள், கணினியைத் திறப்பாள். பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு இது நன்றாகத் தெரியும். நகரின் மறுகோடியான மல்கிரேவில் உள்ள, தண்ணீர் வழங்கும் ஓர் அலுவலகத்துக்காக வீட்டிலிருந்தே வேலை செய்பவள். எந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் வெடித்தது என்பதை ஆர் என்ற கணினி மொழியில் எழுதி, இணையத்தில் வரைபடமாகப் போடுவாள். விரலால் பெரிதாக்கலாம், புள்ளியைத் தொட்டால் விவரம் விரியும். ஒரு குழாய்க்கு இவ்வளவு சோடனையா என்று நான் பகிடி பண்ணுவேன்.

நாங்கள் குடியேறிய வெளிநாட்டுப் புறநகரான ட்ருகனினாவில், காரைக் களவெடுக்க அதன் திறப்புக்காக, சாவிக்காக, வீடு உடைக்கிற காலம் அது. ஒரு மாலை நால்வர் வெட்டுக்கத்தியோடு அவள் வீட்டுக்குள் புகுந்தார்கள். திறப்பைக் கொடுக்கத் தயங்கிய அவளுடைய கணவன் சுஜீதனின் கையை ஒருவன் வெட்டினான். இரண்டு விரல்கள் குசினித் தரையில் கிடந்தன. தர்ஷனாதான் பொறுக்கி எடுத்தாள். ஒன்றைத்தான் ஒட்ட முடிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கணினியைத் திறந்தாள். "கள்ளரையோ அவங்கட காரையோ எங்க கண்டனீங்கள்? எழுதி அனுப்புங்கோ" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். பதில்கள் கொட்டின. சில நாளில் வரைபடம் வெளிவந்தது. நெருங்கிய புள்ளிகளை எண்ணிக்கையோடு ஒரே வட்டமாகக் காட்டியது. பெரிதாக்கினால் வட்டங்கள் உடைந்து, தெருத்தெருவாகச் சிவப்புப் புள்ளிகளாகச் சிதறின. ஒரு வட்டம் மட்டும் உடையவில்லை. ஒரே கூரையின் மேல் நாற்பத்தொன்று என்ற எண்ணோடு அசையாமல் நின்றது.

எங்கள் தெரு இளங்கீரனுக்கு அது போதும். பகலெல்லாம் திரை மூடிக் கிடக்கிற வீடு, வேளைகெட்ட வேளையில் வந்து போகிற கார், சந்தேகமே இல்லை என்றான். ஞாயிறு மதியம் ஆறேழு பேரைச் சேர்த்துக்கொண்டு கிரிக்கெட் மட்டைகளோடு போய்க் கதவை உதைத்தான்.

நித்திரை கலையாமல் சாரத்தோடு வெளியே வந்தவன் பெயர் சிறி. களஞ்சியம் ஒன்றில் இரவுவேலை செய்கிற அகதி. முதல் அடி தோளில் விழுந்தது. அவன் ஓடவில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை. உடனே முழந்தாளிட்டு, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டான். எங்கோ யாரோ அடித்துப் பழக்கிய உடம்பு. அப்படியும் அடித்தார்கள். விலா எலும்பு உடைந்தது, ஒரு கண் இரத்தத்தில் மூடியது. "அண்ணை, நான் ஒண்டும் செய்யேல்லை" என்று தமிழ் வந்த பிறகுதான் மட்டைகள் நின்றன. வேறு பாஷைக்காரனாக இருந்திருந்தால் கொன்றிருப்பார்கள்.

செய்தி கேட்டுத் தர்ஷனா வரைபடத்தைத் தோண்டினாள். பாதிப்பேர் பயத்தில் தெருப்பெயர் எழுதாமல் வெறுமனே ட்ருகனினா என்று எழுதியிருந்தார்கள். தெரு தெரியாவிட்டால் கணினி புள்ளியை ஊரின் நட்டநடுவில் வைத்துவிடும். அங்கே இருந்தது சிறியின் கூரை. வேலைக்கு என்றால் இதையெல்லாம் சரிபார்த்திருப்பாள். கோபம் அவசரப்படுத்திவிட்டது.

வரைபடத்தை உடனே எடுத்துவிட்டு விளக்கம் எழுதினாள். நீளமான விளக்கத்தை யார் வாசிக்கிறார்கள்? கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் அந்த வட்டத்தைப் படம்பிடித்து ஊரெல்லாம் பரப்பியிருந்தார்கள். மறுநாள் முகம் தெரியாத எவனோ சிறியின் காருக்கு நெருப்பு வைத்தான். அடுத்தது வீடாகத்தான் இருக்கும் என்று பயந்தோம். உள்ளே எழும்ப முடியாமல் அவன் கிடந்தான். விசாவுக்குப் பயந்து பொலிசுக்கும் போகவில்லை.

அன்று நான் தர்ஷனாவின் குசினியில் இருந்தேன். ஒரே ஒரு வரியை மாற்றி, வரைபடத்தைத் திரும்பவும் இணையத்தில் போடத் தயாரானாள். தெரு தெரியாத புள்ளிகள் எல்லாம் இனி அவள் வீட்டின் மேல் விழும். சுஜீதன் கட்டுப்போட்ட கையோடு எட்டிப் பார்த்தான்.

"போடும், தர்ஷனா. ஆரும் வந்தால் வரட்டும்" என்றான்.

சற்று நேரத்தில் இளங்கீரன் அழைத்தான். "அக்கா, நீங்கள் போட்ட மப் பிழை. உங்கட வீட்டையெல்லோ காட்டுது."

"சிறியின்ர வீட்டைக் காட்டேக்க பிழையில்லையோ?"

"அது... எங்களுக்குத் தெரியாத ஆள்."

"அப்ப மட்டையோட வாங்கோ. கதவு திறந்துதான் கிடக்கு."

வந்தார்கள், மட்டைகளோடுதான். அவளைக் காவல் காக்க வந்தார்களாம். இளங்கீரன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

"இஞ்ச காவல் வேண்டாம். சிறியின்ர வாசல் கேற்றடியில போய் நில்லுங்கோ. ஆரும் கிட்ட வரக்கூடாது" என்றாள்.

உடனே நடந்தார்கள். நாங்களும் பின்னால் போனோம். மட்டைகளை வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேற்றடியில் அவர்கள் போய் நின்றதும் திரை அசைந்தது. இம்முறை யாரும் உதைக்காமலே கதவு திறந்தது. சிறி சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தான். எங்களைப் பார்த்தான். உடைந்த விலாவோடு மெல்ல முழந்தாளிட்டு, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டான்.

தர்ஷனா ஓடிப்போய் அந்தக் கைகளைக் கீழே இறக்கப் பார்த்தாள். அவை இறங்கவில்லை.