பாக்கியம் அக்கா கணக்கில் சேர்த்த பேருந்து

பாக்கியம் அக்கா இறந்த செய்தி எங்கள் அலுவலகத்துக்கு ஃபேக்ஸில் வந்தது. கப்பல் தாமதச் செய்திகள் வரும் அதே இயந்திரம். யாரோ வழக்கம்போல அந்தத் தாளைப் போக்குவரத்து மேலாளரின் தட்டில் வைத்துவிட்டார்கள். போக்குவரத்து மேலாளர் அக்காதான்.

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும், அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். அதை நான் முழு அளவில் பார்த்தது ஒரே ஒருமுறை.

எங்கள் மலாக்கா தொழிற்சாலை வட ஐரோப்பாவுக்கு ரப்பர் உதிரிபாகங்களை அனுப்பிவந்தது. அங்கே கரியமில வாயுவுக்கு வரி வந்ததும், சரக்கு வாங்குபவருக்கு மனசாட்சி பிறந்தது. உதிரிபாகங்கள் போன பெட்டிகளைக் காலியானதும் நாங்களே திரும்ப எடுத்து, கழுவி, மறுபடி நிரப்ப வேண்டும்; அவை திரும்பும் வழியில் எழும் புகையும் குறைய வேண்டும்.

பெட்டிகள் கிள்ளான் துறைமுகத்திலிருந்து லாரியில் புலாவ் செபாங் ஊரில் இருந்த எங்கள் கொட்டகைக்கு வரும். பக்கத்து ரப்பர் தோட்டம் மூடியதில் வேலை இழந்த பெண்கள் அங்கே கழுவுவார்கள். கொட்டகையை மூடிவிட்டுத் தொழிற்சாலையிலேயே கழுவினால் லாரிக்குச் சுற்றுவழி மிச்சம் என்று மேலிடம் முடிவெடுத்தது. பெண்களைக் கம்பெனிப் பேருந்து ஏற்றி வருமாம்.

இதை அந்தப் பெண்களிடம் சொல்லப் போன அக்காவுடன் நானும் அந்தப் பேருந்தில் போனேன்.

"விடியறதுக்குள்ள பஸ் ஏறினா பிள்ளைங்கள யாரு ஸ்கூலுக்கு அனுப்புறது? பாதிப் பேரு நின்னுருவோம்லா, மேடம்" என்றார் கொட்டகையில் மூத்தவரான மாரியாயி.

அக்கா ஓட்டுநரிடம் திரும்பினார். "அண்ணே, இது எதுல ஓடுது?"

"டீசல்லதான். பின்ன சாமி புண்ணியத்துலயா?"

அன்றே பேருந்தின் புகையும் கணக்கில் ஏறியது. பெட்டிகளைச் சரக்கு ரயிலில் புலாவ் செபாங்குக்கே கொண்டுவரும் வழியையும் அக்கா வரைந்தார். பேருந்தைச் சேர்க்காவிட்டால் மேலிடத்தின் திட்டம் ஜெயிக்கும். சேர்த்தால் ரயிலும் கொட்டகையும் ஜெயிக்கும்.

பெரிய மேலாளர் பதறினார். "பெட்டிக்குத்தானே கணக்கு கேட்டாங்க? ஆளுங்க வர்ற பஸ்ஸ யாரு கேட்டா?"

"பெட்டி தானாவே குளிச்சுக்குமா, சார்?"

வாங்குபவரின் பிரதிநிதி வந்தபோது, பேருந்தைச் சேர்க்கச் சட்டம் எங்கே சொல்கிறது என்று கேட்டார். அக்கா ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னதன் பொருள் இது: "சட்டத்தில் இல்லை. சாலையில் இருக்கிறது."

பிரதிநிதி பேனாவை எடுத்து, ரயில் வழித் திட்டத்தில் கையெழுத்திட்டார். தெய்வத்தைக் கண்டவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்கிறார்கள். எனக்கு அது ஏர்கண்டிஷன் போட்ட கூட்ட அறையில் நடந்தது.

கொட்டகை இன்றும் இருக்கிறது. பெண்கள் நடந்தே வேலைக்கு வருகிறார்கள். அதற்கு எந்த நாடும் இன்னும் வரி போடவில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் தங்கியது ஒரு கெட்ட பழக்கம். எந்தத் திட்டம் வந்தாலும், இதில் யாரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்கிறேன். இப்போதெல்லாம் கூட்டங்களுக்கு என்னை அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை.