கப்பல் தேடுகிறவர் காட்டிய இடம்

பரளச்சி செல்வக்குமாருக்குக் கடலில் வேலை என்றால் சிரிக்காதவர்கள் குறைவு. கண்மாய் நிறைவதே அபூர்வமான ஊர் எங்களுடையது. அவனுக்கு இன்றைக்கும் நீச்சல் அரைகுறைதான். ஆனால் மூழ்கிய கப்பலைத் தேடுவதில் கெட்டிக்காரன், அதை மறுக்க முடியாது.

தூத்துக்குடியிலிருந்து கிளம்பும் சர்வே படகில் அவன் சோனார் பார்க்கிறான். மீன் வடிவத்தில் ஒரு கருவியைக் கேபிளில் கட்டிப் படகுக்குப் பின்னால் தண்ணீருக்குள் இழுத்துப் போவார்கள். அது இரண்டு பக்கமும் ஒலியை அனுப்பும். கடல் தரையில் பட்டுத் திரும்பும் ஒலி திரையில் படமாக விழும். உழுவதுபோலப் படகு நேராகப் போய்த் திரும்ப வேண்டும். ஒரு சால் விட்டுப்போனால் கப்பல் அதில்தான் கிடக்கும். பாறை எது, கவிழ்ந்த கப்பல் எது என்பதைத் திரையில் அதன் பின்னால் விழும் நிழலை வைத்தே சொல்லிவிடுவான். போன வருஷம் சரக்கோடு மூழ்கிய ஒரு தோணியைக் கண்டுபிடித்தான். செய்தி ஊருக்கு வருவதற்குள் தோணி பெரிய கப்பலாகிவிட்டது.

இந்தப் பெருமையில் பாதி அவன் மாமனார் பொன்னுச்சாமி பரப்பியது. திருச்சுழிப் பக்கம் அவருக்கு மானாவாரிக் காடு. வெள்ளாமை கருகிக் கருகி அலுத்துப்போய், கடைசியாக ஒரு போர் போட்டுப் பார்ப்பது, தண்ணீர் இல்லையென்றால் காட்டை விட்டுவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போவது என்று முடிவெடுத்திருந்தார். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவரை வரச்சொல்லியும் இருந்தார். மருமகன் லீவில் வந்ததும் அவரை வேண்டாமென்றுவிட்டார். கடலுக்கடியில் இருப்பதையே பார்க்கிறவருக்கு மண்ணுக்கடியில் இருப்பது தெரியாதா என்பது அவர் எண்ணம்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொந்தக்காரர்கள் சுற்றி நின்று வாயைப் பார்க்கும்போது அந்த ஒரு வார்த்தை செல்வக்குமாருக்கு வரவில்லை. அவன் மனைவி நாகஜோதி தனியாகக் கூப்பிட்டு, அந்த மிசின் தண்ணிக்குள்ளதானே வேலை செய்யும் என்று கேட்டாள். சும்மா இரு என்று அவளை அடக்கினான். மறுநாள் போனைக் கையில் ஏந்திக்கொண்டு காட்டில் நேராகப் போனான், திரும்பினான், மறுபடி போனான். படகில் செய்வதை அப்படியே காலால் செய்தான் மகராசன். சொந்தபந்தம் பின்னாலேயே சத்தமில்லாமல் நடந்தது. கடைசியில் ஒரு வேப்பங்கன்று பச்சையாக நின்ற இடத்தைக் காட்டிக் கோடு கிழித்தான்.

போர் வண்டி வந்தது. எவ்வளவு ஆழம் போனாலும் புழுதிதான் வந்தது. திட்டினால் தேவலை என்று செல்வக்குமார் தலைகுனிந்து நின்றான். யாரும் திட்டவில்லை. மாப்பிள்ளை மேல் குற்றமில்லை, தன் காட்டுக்குத்தான் கொடுப்பினை இல்லை என்று பொன்னுச்சாமி எல்லோரிடமும் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. வண்டி போனதும் அவரிடம் போனான்.

"மாமா, எனக்கு மண்ணுக்குள்ள பாக்கத் தெரியாது. வெக்கப்பட்டுக்கிட்டு சும்மா நடந்தேன். இத வச்சு முடிவு பண்ணாதீக. தெரிஞ்சவுகளக் கூப்புட்டு வேற எடம் பாருங்க."

பொன்னுச்சாமி அவன் தோளைத் தொட்டார்.

"எங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீக மாப்ள. காடு பூராம் நடந்து, இருக்குறதுலயே நல்ல எடத்தத்தான காட்டுனீக. அதுலயே இல்லைன்னா வேற எங்க இருக்கும்?"

செல்வக்குமார் மறுபடியும் சொன்னான். சத்தியம்கூடச் செய்தான். சொல்லச் சொல்ல அவன் நல்ல மனசைத்தான் மெச்சினார்கள். தேங்காய்க்காரருக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை.

பொங்கல் லீவில் அவன் அருப்புக்கோட்டையில் ஒரு மில் வாசலுக்கு மாமனாரைப் பார்க்கப் போனான். அங்கே இருந்தது ஒரே நாற்காலி. காக்கிச் சட்டையில் உட்கார்ந்திருந்த பொன்னுச்சாமி எழுந்து, அதைத் துண்டால் துடைத்து, மாப்பிள்ளைக்குப் போட்டுவிட்டு நின்றார்.