ஒரு கண்ணுக்கு மூன்று பாடம்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளரை நேருக்கு நேர் பார்க்காமல் ஒரு வேலையும் ஆகாது: நான் செயற்கைக் கண் செய்கிறவள். "கணக்கா, விஞ்ஞானமா, சித்திரமா, ஒன்றைப் பிடி" என்று வீட்டில் திட்டு வாங்கியவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

போர்டு

உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு எடுத்தேன். கெம்பஸ் படிப்புக்குப் புள்ளி போதவில்லை. படம் வரைய வரும் என்ற தைரியத்தில், ஹட்டன் பஜாரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதக் கிளம்பினேன்.

முதல் போர்டு ஒரு துணிக்கடைக்கு. எழுத்துக்கு எழுத்து இடைவெளி கணக்குப் போட்டு, கோடிழுத்து முடிப்பதற்குள் மத்தியானமாகிவிட்டது. பிரஷ் இன்னும் வர்ணத்தைத் தொடவில்லை. முதலாளி பொறுமையிழந்தார்.

"தங்கச்சி, போர்டு எழுதச் சொன்னா பரீட்சை எழுதுறீங்களே!"

வெற்றிலைக் கறை

போர்டு வேலை எல்லா மாதமும் வராது. கண்டியில் பல் கட்டும் லேப் ஒன்றில் சேர்ந்தேன். எந்தத் தூளும் எந்தத் திரவமும் எந்தச் சூட்டில் இறுகும் என்று பார்க்கப் பார்க்க, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ரசாயனம் அப்போதுதான் புரிந்தது. புதுப் பல் மட்டும் பளிச்சென்று தெரிவது எனக்குப் பிடிக்காது. வெற்றிலை போடும் ஒரு பெரியவரின் புதுப் பல்லுக்கு, பக்கத்துப் பல்லைப் பார்த்து மெல்லிய கறை தீட்டினேன்.

தன் பல்லுக்காக வந்திருந்த கண் டாக்டர் ஒருவர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண் செய்யப் பழகுறீங்களா?" என்றார். எனக்கெங்கே அதெல்லாம் தெரியும் என்றேன். விடவில்லை, பயிற்சிக்கும் அவரே ஏற்பாடு செய்தார்.

"பல்லுக்கு வெத்தலைக் கறை போடத் தெரிஞ்ச உங்களுக்கு, கண்ணுக்கு நரம்பு போடத் தெரியாதா?"

மூடுபனி வெளிச்சம்

பயிற்சி முடித்து ஹட்டனிலேயே ஓர் அறை எடுத்தேன். முதலில் வந்தவர், தலவாக்கலைப் பக்கத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்வியக்கா. தேயிலைச் செடியின் வாது குத்தி ஒரு கண் போய்விட்டது. முந்தானையால் பாதி முகத்தை மூடியே இருப்பார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "போட்டோவுல நான் பின்னால நின்னுக்கிறேன்" என்று தாய் சொல்ல, மகள் பிடிவாதமாக அழைத்து வந்திருந்தாள்.

கண்குழிக்கு அச்செடுத்து, நல்ல கண்ணின் கருவிழியை அளந்து வரைந்து, சிவப்புப் பட்டு நூலைப் பிரித்து நரம்பாக ஒட்டினேன். அறைக்குள் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருந்தன. வாசலுக்கு வந்தால், மூடுபனி வெளிச்சத்தில் நான் செய்தது மட்டும் செங்கல் நிறம்! மகளின் முகம் வாடிப்போனது. எங்கே பிசகியது என்று எனக்குப் புரிந்துவிட்டது: அறைக்குள் பல்பு வெளிச்சத்தில் நிறம் கலந்திருக்கிறேன். கருவிழியைச் சுரண்டியெடுத்து, செல்வியக்காவை வாசலிலேயே உட்காரவைத்து, அவர் வாழும் வெளிச்சத்தில் புதிதாகத் தீட்டினேன்.

அடுத்த வாரம் வந்து போட்டுக்கொண்டார். கண்ணாடியை வெகுநேரம் பார்த்தார். பிறகு முந்தானையைத் தோளுக்குப் பின்னால் தள்ளினார்.

"இனி போட்டோவுல மக பக்கத்துலயே நிப்பேன் புள்ள."

சொட்டு மருந்து

இப்போது நானுஓயா, கினிகத்தேனை என்று பல பக்கமிருந்தும் வருகிறார்கள். போன மாதம், முன்பு கண் வைத்துக்கொண்டு போன கினிகத்தேனை வியாபாரி ஒருவர் வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. உறுத்துகிறதா என்று பதறிக் கேட்டேன்.

"கண்ணுல ஒரு குறையும் இல்லீங்க, வீட்டுக்காரிக்குத்தான் எது நெசம், எது செஞ்சதுன்னு தெரியாம, சொட்டு மருந்த ரெண்டுலயும் ஊத்துறா!"

வேலை நன்றாக அமைந்தால் அதை யாருமே கவனிக்க மாட்டார்கள் என்பதுதான், தற்பெருமைக்காரியான எனக்கு இந்தத் தொழிலில் இருக்கும் ஒரே குறை.